கிணறில்லாத கரை

அத்தானுக்கு விசாரிக்காமல் ஒன்றும் செய்ய வராது. வட லண்டனில், எட்மண்டனில் வீடு வாங்கியபோது வீட்டை ஒருதரம்தான் போய்ப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஆர் எவர் என்று விசாரிப்பதற்குத்தான் நாள் எடுத்தார். அவர் என் அக்காவின் புருஷன். அகதியாக வந்து, குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் வரிசையில் நின்று, பெற்றோல் செட்டில் இரவு ஷிப்ட் செய்து, பிறகு சொந்தமாக ஒரு மூலைக்கடை போட்டவர். அந்த உழைப்பை நான் ஒருநாளும் குறைத்துச் சொன்னதில்லை. ஆனால் ஊரிலிருந்து ஓடி வரும்போது எதைக் கடலில் எறிந்திருக்க வேண்டுமோ, அதை மட்டும் மடியில் கட்டிக் கொண்டுவந்து சேர்த்த மனுஷன்.

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் கல்யாணத்துக்கு முன் செய்கிற விசாரணை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையின் ஊர் தெரிந்தால் போதும். எட்மண்டனிலிருந்து டொரொண்டோவுக்கு ஒரு டெலிபோன், அங்கிருந்து பாரிஸுக்கு ஒன்று, பாரிஸில் இருக்கிறவரின் மச்சான் கொழும்பில். பொடியன் குடிக்கிறானா, வேலையில் நிற்கிறானா என்பதெல்லாம் கடைசியில்தான் வரும். முதலில் தெரிய வேண்டியது, அவர்கள் ஊரின் எந்தப் பக்கம், கோயிலில் எத்தனையாம் திருவிழா அவர்களுடையது, ஆருடைய கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள் என்பது. சாதி என்ற சொல்லை மாத்திரம் ஒருவரும் வாயில் எடுக்க மாட்டார்கள். அவ்வளவு நாகரிகம். 'அவை ஆர் ஆக்கள்?' என்பார்கள், குரலைச் சற்றுத் தாழ்த்தி. என்னையும் ஒரு காலத்தில் இப்படித்தான் இரண்டு மூன்று குடும்பங்கள் விசாரித்தன. விசாரிக்கப் போனவர்கள் என்ன கேள்விப்பட்டார்களோ, திரும்பி வரவில்லை. நான் கவுன்சில் நூலகத்தில் வேலை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், அக்காவின் மகள், என் பெறாமகள், தனக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாள். கூடப் படித்தவன், ரயில்வேயில் என்ஜினியர். பொடியனின் தாய் தகப்பன் தென்னமெரிக்காவின் வடகரையில், கயானாவில் பெர்பிஸ் என்ற பகுதியின் கடற்கரைக் கிராமத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய முன்னோர் சென்னையில் கப்பல் ஏறிய தமிழர்களாம். வீட்டில் ஒருவருக்கும் தமிழ் வராது. சாமி அறையில் மாரியம்மன் படம் இருக்கிறது. இவ்வளவையும் அவள் ஒரே மூச்சில், பாதி இங்கிலீஷிலும் பாதி எங்கள் தமிழிலும் கொட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

அவளுக்குச் சம்மதம் தேவையாக இருக்கவில்லை. அப்பா வேண்டாமென்றாலும் கட்டுவேன் என்று அமைதியாகச் சொன்னாள். அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. சின்ன வயதிலிருந்து எத்தனையோ கல்யாணங்களில், பெண்ணின் தகப்பன் பந்தியில் சம்பந்தியோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறதைப் பார்த்திருக்கிறாள். தன் கல்யாணத்திலும் அது நடக்க வேண்டும்.

"அப்பா வந்திருந்து சாப்பிட வேணும், சித்தி. எனக்கு அது மட்டும் காணும்."

பிள்ளை பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை என்றுதான் அன்றைக்கு நானும் நினைத்தேன்.

அத்தான் கத்தவில்லை, கதவை அடித்துச் சாத்தவில்லை. என்னைக் கூப்பிட்டார். கயானாவில் அவருக்கு ஆளில்லை. டொரொண்டோவுக்கு எடுத்தார், பாரிஸுக்கு எடுத்தார், மச்சானின் மச்சானுக்கு எடுத்தார். ஒருவருக்கும் அந்தக் கரையில் ஒரு ஆளையும் தெரியாது. அவருடைய உலகப்படம் அந்த இடத்தில் கிழிந்து தொங்கியது.

"நீர் லைப்ரறியிலதானே வேலை. அந்த இடத்தை ஒருக்கா வடிவா விசாரிச்சுச் சொல்லும்" என்றார்.

ஒரு தேசத்தின் கடற்கரையை முழுவதுமாக, சம்பந்தம் பேச வந்த குடும்பத்தை விசாரிப்பதுபோல விசாரிக்கச் சொன்ன முதல் மனுஷன் அவராகத்தான் இருப்பார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓம் என்றேன். அவருக்காக இல்லை. தமிழன் போன இடத்தில் என்ன பாடுபட்டான் என்று அறிகிற விடுப்பும் ஆவலும் எனக்கும் இருந்தன.

நூலகத்தின் அடித்தட்டில் அந்தப் பகுதியைப் பற்றிப் பழைய புத்தகங்கள் கொஞ்சம் கிடந்தன. எழுதியவர்கள் வெள்ளைக்காரத் துரைமார், பாதிரிமார், ஊர் சுற்ற வந்த சீமாட்டிகள். எல்லாருக்கும் ஒரே முறைப்பாடு. சேறு, நுளம்புக்கடி, சோம்பேறிக் கூலிகள். நாள் முழுக்கக் கரும்பு வெட்டுகிறவனைச் சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு சோம்பேறி என்று எழுதுவதற்கும் ஒரு முகம் வேண்டும்.

முதலில், கயானாவைக் கரிபியன் நாடு என்று சொல்வார்களே தவிர, கரிபியன் கடல் அந்தக் கரையைத் தொடுவதே இல்லை. அது அத்திலாந்திக். நீலக் கடலும் வெள்ளை மணலும் விளம்பரப் படத்தில்தான். தெற்கே அமேசன் ஆறு கொண்டுவந்து கொட்டுகிற சேறு கரை நீளத்துக்கும் படிவதால், கடல் தேத்தண்ணி நிறத்தில் இருக்குமாம். நிலம் கடல் பெருகுகிற மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. முன்னால் கடலைத் தடுக்க ஒரு சுவர், பின்னால் சதுப்பு வெள்ளத்தைத் தடுக்க ஓர் அணை. இரண்டுக்கும் நடுவில் நாடா நாடாவாகத் தோட்டங்கள். கடல் வற்றும்போது மதகைத் திறந்து மழைத் தண்ணீரை வெளியே விடவேண்டும். பெருகும்போது மூடவேண்டும். மதகுக்காரன் அயர்ந்து தூங்கினால் ஊர் மிதக்கும்.

இதையெல்லாம் ஒழுங்கு செய்தவர்கள் ஒல்லாந்தர். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கோட்டை கட்டிவைத்த அதே ஆட்கள். செய்தவர்கள் என்று புத்தகம் சொல்கிறது. மண்ணை வெட்டியது ஆபிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்ட அடிமைகள். அந்தக் கரையிலுள்ள ஒவ்வொரு வாய்க்காலும் அவர்கள் இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டியது. பிறகு இங்கிலீஷ்காரன் பிடித்தான். அடிமைத்தனம் ஒழிந்ததும், விடுதலையானவர்கள் காசு சேர்த்து, துரைமார் கைவிட்ட தோட்டங்களை வாங்கித் தங்களுக்கென்று ஊர்கள் வைத்தார்கள். அது துரைமாருக்குப் பொறுக்கவில்லை. மலிவாக ஆள் வேண்டுமே. கல்கத்தாவிலும் சென்னையிலும் கப்பல் ஏற்றினார்கள். அடிமைகள் படுத்த அதே லயன்களில், நீள வரிசைக் குடிசைகளில், எங்கள் ஆட்களைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்கள்.

மிச்சம் சொல்வதற்குக் கொஞ்சம்தான். முன்னால் வீடு, பின்னால் கரும்பு. வெட்டுவதற்கு முன் கரும்புக்கு நெருப்பு வைப்பார்கள். காயப்போட்ட சேலையில் சாம்பல் விழும். தோட்டத்தை விட்டு வெளியே வந்தவர்கள் சதுப்பைத் திருத்தி நெல் விதைத்தார்கள், மாடு வளர்த்தார்கள், சேற்றுக் கடலில் இறால் பிடித்தார்கள். சுதந்திரம் கிடைத்து, சீனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. பிறகு கோதுமை மாவையே நாட்டுக்குள் வரக் கூடாதென்று தடுத்தது. கரையோரத்துச் சனம் எல்லையிலுள்ள ஆற்றைத் தாண்டி, வள்ளத்தில் மாவைக் கள்ளமாகக் கொண்டுவந்து ரொட்டி சுட்டது. ஏலுமானவர்கள் நியூயோர்க், டொரொண்டோ, லண்டன் என்று புறப்பட்டுவிட்டார்கள்.

இதை நான் எட்மண்டன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னேன். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார். சேறு, மதகு, ஒல்லாந்தர் ஒன்றும் அவருக்கு ஏறவில்லை. கள்ளக்கடத்தல் என்றதும் முகத்தைச் சுளித்தார். அவருடைய ஊர்க் கல்வீடுகள் பாதி எந்தக் கடல் வழியாகக் கள்ளமாக வந்த சேலையிலும் சவர்க்காரத்திலும் எழும்பினவை என்பது எங்களுக்குத் தெரியாதென்று நினைப்பு.

லயன் என்ற சொல்லில் மாத்திரம் நிமிர்ந்தார்.

"அப்ப தோட்டக்காட்டுச் சனம்" என்றார்.

அந்தச் சொல்லை எங்கள் ஆட்கள் எப்படிச் சொல்வார்கள் என்று இலங்கைக்காரருக்குத் தெரியும். எங்கள் மலைநாட்டில் தேயிலை பறித்துச் சோறு போட்ட சனத்தைப் பார்த்து, காலில் ஒட்டிய அட்டையைத் தட்டிவிடுகிற மாதிரிச் சொல்வது. இப்போது அதைப் பூமியின் மற்றப் பக்கத்துக்கும் தபாலில் அனுப்பிவிட்டார்.

அடுத்து அவர் கேட்டதுதான் என்னால் மறக்க முடியாதது. அவர்கள் எந்தக் கிணற்றில் அள்ளினவர்கள்?

அங்கே கிணறு இல்லை, அத்தான், என்றேன். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிற நிலத்தில் தோண்டினால் உப்புச் சேறுதான் வரும். மழைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்துக் குடித்தார்கள். அது போதாவிட்டால் வாய்க்கால். எல்லாருக்கும் ஒரே வாய்க்கால்.

அத்தான் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். கிணறில்லாத ஊரில் மனுஷன் எப்படி மனுஷனை எடைபோடுவான் என்று அவருக்கு விளங்கவில்லை. அக்கா சோற்றுப் பானையை மூடிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அவள் அப்படித்தான். அவர் சிரித்தால் சிரிப்பாள், அவர் எழும்பினால் எழும்புவாள், அவர் சாப்பிடாத வீட்டில் அவளுக்கும் பசிக்காது.

ஆனாலும் போய்ப் பார்க்கிறதென்று முடிவானது. மகள் பதிவுத் திருமணம் செய்துவிட்டால் சனம் என்ன சொல்லும் என்ற பயம்தான் காரணம்.

பொடியனின் வீடு தென் லண்டனில். தகப்பன் தபால் பிரிக்கிற இடத்தில் வேலை, தாய் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த மனுஷனும் லேசுப்பட்டவர் இல்லை. ஊர்ப் பெருமையில் அத்தானுக்குச் சரிநிகர். தன் கரையில் விளைகிற நெல்லைப் போல உலகத்தில் நெல் இல்லை, அங்கே பிறந்தவன் போல கிரிக்கெட் மட்டை பிடிக்கிறவன் இல்லை, கடற்சுவரில் வீசுகிற காற்றுக்கு நோயே அண்டாது என்று அடித்து விட்டுக்கொண்டிருந்தார். காற்று அப்படியென்றால் ஏன் விட்டு வந்தீர்கள் என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. பெறாமகளுக்காக வாயை மூடிக்கொண்டேன்.

தாய் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தார். கூடவே அன்னாசிப் பாணியை உள்ளே வைத்து முக்கோணமாக மடித்துச் சுட்ட பண்டம், அன்று காலையில் தன் கையால் செய்தது. அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு அத்தானைப் பார்த்தாள். அத்தான் சிரித்தபடி, கடைக்கார இங்கிலீஷில், தேத்தண்ணி வேண்டாம், டின்னில் சோடா ஏதாவது இருந்தால் நல்லது என்றார். வீட்டில் சோடா இருக்கவில்லை. தாய் பதறிப்போய் மகனைக் கடைக்கு ஓட்டினார். மாப்பிள்ளை மழையில் நனைந்து ஒரு டின்னை வாங்கி வந்து, மரியாதையாக ஒரு கிளாசும் சேர்த்து நீட்டினான். அத்தான் கிளாசைத் தொடவில்லை. டின்னின் மேற்பக்கத்தைக் கைலேஞ்சியால் துடைத்து, தானே திறந்து, அப்படியே குடித்தார்.

நான் இரண்டு கோப்பைத் தேத்தண்ணி குடித்தேன். வயிறு கொள்ளாமல் அன்னாசிப் பண்டமும் சாப்பிட்டேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

சம்பந்தியின் அளப்பு அத்தானுக்கு ஒருவகையில் உதவியாகப் போயிற்று. பின் அணை வரைக்கும் நெற்காணி இருந்தது என்றும், தன் தகப்பன்தான் ஊர் மாரியம்மன் கோயிலைப் பொறுப்பாகப் பார்த்துவந்தவர் என்றும் அந்த மனுஷன் சொன்னார். காணி, கோயில். அத்தானுக்கு வேறென்ன வேண்டும்? திரும்பி வரும்போது காரில் பாட்டுப் போட்டார். அந்தக் கிழமை முழுக்க டொரொண்டோவுக்கும் பாரிஸுக்கும் டெலிபோன் பறந்தது. அங்கே பெரிய காணிக்காரராம், கோயில் முதலாளி குடும்பமாம், எல்லாம் எங்கட ஆக்கள்தான். லயன் கடலுக்குள் மூழ்கிவிட்டது. மதகை அவரே திறந்துவிட்டார்.

பெறாமகள் அடுத்த சனிக்கிழமை என் பிளாட்டுக்கு வந்தாள். அவளை ஒரு விஷயம் அரித்திருக்கிறது. அப்பா வீட்டில் சோடாவைத் தொட மாட்டார், வாய்வு என்பார். கடையில் அடுக்கி அடுக்கி விற்பார், ஒன்றையும் குடிக்க மாட்டார். பிறகு ஏன் அங்கே கேட்டார்?

நான் மறைக்கவில்லை. ஊரில் சில வீடுகளுக்கு எங்கள் ஆட்கள் அலுவலாகப் போக வேண்டி வரும். போவார்கள், சிரித்துப் பேசுவார்கள். தண்ணீர் மட்டும் குடிக்க மாட்டார்கள். அந்த வீட்டுக்காரர் அதைத் தெரிந்துகொண்டு, கடையில் மூடி திறக்காத சோடாப் போத்தல் வாங்கி வந்து வைப்பார். அவர்கள் கை படாதது. குடிக்கிறவருக்கும் தீட்டில்லை, கொடுக்கிறவருக்கும் அவமானமில்லை என்று சொல்லிக்கொள்வார்கள். கொடுக்கிறவரிடம் ஒருவரும் கேட்டதில்லை.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பள்ளிக்கூடத்தில் தன் உயிர்ச் சிநேகிதியாக இருந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் வீட்டைச் சொன்னாள். பிறந்தநாளுக்குப் போனபோது அங்கேயும் அப்பா டின் சோடாதான் கேட்டாராம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை தன்னோடு பேசவில்லையாம். ஏன் என்று தெரியாமல் எத்தனையோ நாள் அழுதிருக்கிறாள்.

"அவைக்குத் தெரியும், என்ன சித்தி? எனக்குத்தான் தெரியேல்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லண்டனுக்கு வந்த வழியில், எந்தத் தேசமென்றே தெரியாத லொறியின் பின்பக்கத்தில், பதினாறு சாதி ஆட்களோடு நெருக்கிக்கொண்டு ஒரே போத்தலில் தண்ணீர் குடித்தவர் இந்த அத்தான். அதை ஒவ்வொரு விருந்திலும் வீரக்கதையாகச் சொல்வார். உயிருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் தீட்டில்லை. உயிர் பிழைத்து எட்மண்டனில் வீடு வாங்கியதும் தீட்டு வந்துவிட்டது.

கல்யாணத்துக்குச் சில நாள் இருக்க அக்கா டெலிபோன் எடுத்தாள், அவர் குளிக்கிற நேரம் பார்த்து. தாலி கட்டுகிறதை இருந்து பார்ப்போம், கை நனைக்கிறதில்லை என்று அவர் சொல்லிவிட்டாராம். சமையல் மாப்பிள்ளை வீட்டார். அந்தக் கரையின் வழக்கம் அது. உறவுக்காரரும் அயலாரும் சேர்ந்து அண்டாக்களில் ஏழு கறி வைத்து, அங்கே என்றால் வாய்க்காலில் பூக்கிற தாமரையின் இலையில் பரிமாறுவார்கள். அதை அத்தான் தொட மாட்டார். மகளிடமும் சொல்லிவிட்டேன் என்றாள் அக்கா. நீ என்ன சொன்னாய் என்று அக்காவைக் கேட்டேன். டெலிபோனை வைத்துவிட்டாள்.

எட்மண்டனில் ஒரு மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. தாலி ஏறியது. அத்தான் பட்டு வேட்டியில், வந்தவர்களுக்கெல்லாம் சம்பந்தியைக் காணிக்காரர் என்று காட்டிக்கொண்டு திரிந்தார். பிறகு பந்தி. தாமரை இலைக்கு லண்டனில் வழியில்லாததால் தமிழ்க் கடையில் வாங்கிய வாழையிலை. சம்பந்தி அத்தானின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, தனக்குப் பக்கத்தில் முதல் கதிரையில் இருத்தினார். மற்றப் பக்கத்தில் அக்கா. எதிர் வரிசையில் நான். எல்லாருக்கும் இலை போட்டுக்கொண்டு வந்தவர்கள், அத்தானுக்கு மட்டும் போடாமல் தாண்டிப் போனார்கள்.

பெறாமகள் கூறைச் சேலையோடு மேடையிலிருந்து இறங்கி வந்தாள். கையில் ஒரு டின் சோடா. அத்தானின் கடையிலேயே எடுத்தது, அவருடைய விலை ஸ்டிக்கர் அதில் அப்படியே இருந்தது. இலை போட வேண்டாமென்று தானே சொல்லிவைத்திருந்த இடத்தில் அதை வைத்தாள்.

"அப்பா, இது ஒருத்தரும் திறக்கேல்லை" என்றாள். நல்ல தமிழில், பந்தி முழுக்கக் கேட்கும்படி.

எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் குனிந்து தங்கள் இலையைப் பார்த்தார்கள். விளக்கம் சொல்ல ஒருவருக்கும் தேவை இருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சம்பந்திக்குத் தமிழ் தெரியாது, உபசாரம் தெரியும். மகள் தகப்பனுக்கு ஆசையாகக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து, எட்டி அந்த டின்னைத் தூக்கி, வளையத்தை இழுத்துத் திறந்து, தான் குடித்துக்கொண்டிருந்த பேணிக்குப் பக்கத்திலிருந்த இன்னொரு பேணியில் நுரை வழிய ஊற்றி, அத்தானின் கையில் கொடுத்தார்.

அத்தான் வாங்கிவிட்டார். வாங்காமல் என்ன செய்வது, சபை பார்க்கிறது. வாய்க்குக் கொண்டுபோகவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. நுரை அடங்கும் வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அவர்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. மகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. திரும்பி மாமியாரிடம் போய்விட்டாள்.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள், வழக்கம்போல. பிறகு எழும்பிப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாள். பூசணிக்காய், பருப்பு, கீரை, மாங்காய் என்று ஏழு கறியையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டாள். அத்தான் மெதுவாக அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எடியே, அந்தப் பூசணிக்காயை இன்னும் கொஞ்சம் போடச் சொல்லு" என்றாள்.